ரஞ்சினியின் வள்ளத்துக்கு முன்பாரம்

“இஞ்சை பாரப்பா, பூப்போலை இருக்கு!”

என் வீட்டுக்காரர் ட்ரெயிலரின் முன்தண்டை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். ட்ரெயிலருக்கு மேலே பதினெட்டு அடி ஃபைபர் வள்ளம். நீலமும் வெள்ளையும் பூசி, பெயின்ற் மணம் இன்னும் அடங்காத புது வள்ளம். அதன் பின்பக்கத்தில் புது இஞ்சின் மாட்டியிருந்தது. இஞ்சினுக்குக் காவல் மாதிரி நாலைந்து மூட்டை வலை. அவ்வளவு பாரத்தையும் சுமக்கிற ட்ரெயிலரின் தண்டு இந்த மனுசனின் சுட்டுவிரலில் கிடந்து ஆடுகிறது.

குருநகர்க் கரையில் காலை எட்டு மணி இருக்கும். மீன் ஏலம் முடிந்து, ஐஸ் உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நின்ற சனம் முழுக்க வாயைப் பிளந்து பார்த்தது. நானும் பார்த்தேன். பார்த்ததோடு விட்டேனா? “சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் ஏத்தியிருக்கிறியள்” என்று வாய்விட்டு மெச்சியும் தொலைத்தேன்.

போன வாரம் நான் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்கிய கதையை வாசித்துவிட்டு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள்: “அக்கா, வாகனத்திலை நீங்கள் ஒருக்காலும் பிழையே விடேல்லையோ?” இந்தா பிள்ளை, இந்த வாரம் முழுக்க உனக்குத்தான்.

வெள்ளையன்

இந்தப் பக்கத்தை இன்றைக்குத்தான் திறக்கிறவர்களுக்கு நாலு வரி. நான் மலர், சாவகச்சேரிக்காரி. வாகனம் பழக்குகிற இடத்தை நாங்கள் லேணர்ஸ் என்போம். யாழ்ப்பாண நகரத்தில் அப்படி ஒரு லேணர்ஸில் தலை நரைக்கும் வரைக்கும் வேலை செய்தேன். “கண்ணாடியைப் பார், காலைப் பாராதை” என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனது. பிறகு அதை விட்டுவிட்டுப் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை இருக்கை, அதற்குப் பின்னால் சாமான் போடுகிற திறந்த பெட்டி. கொடிகாமத்து வெல்டிங்காரர் ஒருவரிடம் சொல்லி, இரண்டு சில்லு ட்ரெயிலர் ஒன்றும் செய்வித்தேன். வள்ளமோ, தண்ணீர்த் தாங்கியோ, கல்யாணப் பந்தல் சாமானோ, எதுவென்றாலும் இழுப்பேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

வீட்டுக்காரர் சிவபாலன். ஈர்க்குக்குச்சி உடம்பு. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. தனக்குத் தேவையும் இல்லை என்பார். ஏனென்றால் அவர் மாட்டு வண்டிற் சவாரிக்காரர், வண்டில் பந்தயம் ஓடினவர். இளந்தாரிக் காலத்தில் அவருடைய வண்டில் பறக்கிறதென்றால் தென்மராட்சிச் சனம் வேலிக்கு மேலே ஏறி நிற்குமாம். நிற்குமாம் என்றுதான் எழுதுகிறேன். நான் பார்க்கவில்லை. அவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், கிழமைக்கு இரண்டு தரம்.

பிக்கப்புக்கு வெள்ளையன் என்று பேர் வைத்தவரும் அவர்தான். விடிய எழும்பினதும் முற்றத்துக்குப் போய் அதன் பொனற்றைத் தடவிக் கொடுப்பார். எனக்குத் தேத்தண்ணி வருவதற்கு முன்னால் அதற்குத் தடவல் போய்விடும்.

இஞ்சின் மட்டும் இருந்த வீடு

ரஞ்சினி என்னிடம் ஸ்கூட்டர் பழகியவள். பழக வந்த இரண்டாம் நாளே லேணர்ஸ் மதிலில் கொண்டுபோய் இடித்துவிட்டு, என்னைப் பார்த்து, “உந்த மதிலை ஏனக்கா உங்கை கட்டினவங்கள்?” என்று கேட்டாள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. அதைவிடப் பெரிய சிரிப்பு. பழகி முடித்ததும் ஸ்கூட்டரில் மீன்பெட்டி கட்டி, குருநகரிலிருந்து கொக்குவில் வரைக்கும் வீடு வீடாக மீன் விற்றாள்.

அவளுடைய சொந்த ஊர் மயிலிட்டி. அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது சண்டைக்குப் பயந்து ஊரோடு எழும்பினவர்கள். அந்த அவசரத்தில் வள்ளத்தைக் கொண்டுவர முடியவில்லை. அவளுடைய ஐயா இஞ்சினை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். குருநகரில் குடியிருந்த வீட்டில் அந்த இஞ்சின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. இடைக்கிடை அதை வெளியே எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, திரும்பவும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவாராம். வள்ளம் ஒன்று வாங்காமலே அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார்.

“கட்டிலுக்குக் கீழை இஞ்சின் இருக்கும், கடலிலை வள்ளம் இருக்காது. அப்பிடித்தானக்கா வளந்தனாங்கள்” என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.

ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபட்ட பிறகு அவளும் புருசன் தேவனும் மயிலிட்டிக்குத் திரும்பிப்போய் வீடு கட்டினார்கள். அடுத்தது வள்ளம். குருநகர்ப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்வித்து, அவளுடைய பேரிலேயே பதிந்தார்கள். அதை ஊருக்குக் கொண்டுபோகத்தான் என்னைக் கூப்பிட்டாள். கூப்பிடும்போதே ஒரு சொல் சொன்னாள்:

“அக்கா, என்ரை வள்ளம் இஞ்சினோடைதான் ஊருக்குள்ளை போகவேணும். வேறை வேறையாப் போகக்கூடாது. சனம் பாக்கவேணும்.”

பன்னிரண்டு மணிக்குள் நல்ல நேரம். அதற்குள் வள்ளம் தண்ணீரில் இறங்க வேண்டும். எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சவாரிக்காரரின் இரக்கம்

ஏற்றுகிற பொறுப்பை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். நான் ரயருக்குக் காற்றுப் பார்த்தேன். கயிறு, சங்கிலி, பின்விளக்கு எல்லாம் பார்த்தேன். பாரம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை.

சவாரி வண்டிலில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓட்டுகிறவர் மாட்டின் கழுத்தில் பாரம் விழாதபடி பின்னுக்குச் சாய்ந்து நிற்பார். நுகம் கழுத்தில் பட்டும் படாமலும் இருக்கும். அப்போதுதான் மாடு பறக்கும். இவர் அதே நுட்பத்தை அப்படியே ட்ரெயிலருக்குச் செய்தார். வலை மூட்டை ஒவ்வொன்றையும் பின்னுக்குத் தள்ளுவார். முன்னுக்கு ஓடிவந்து தண்டைத் தூக்கிப் பார்ப்பார். காணாது, இன்னும் போதாது என்று திரும்ப ஓடிப்போய் இன்னும் ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார்.

“வெள்ளையனுக்கு வயசு போட்டுது. கழுத்திலை பாரம் விழக்கூடாது, பாவம்” என்றார்.

பிக்கப்புக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். அவர் விரலில் தண்டு ஆடிய வடிவில் நானும் மயங்கிப்போனேன்.

வால் ஆடியது

தேவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தான். ரஞ்சினி பின் இருக்கையில், மடியில் அரிச்சனைத் தட்டு, தட்டில் தேங்காய், பழம், பூ. இவர் எனக்குப் பக்கத்தில் இராசா மாதிரி ஏறி இருந்தார்.

காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், தாவடி, இணுவில் வரைக்கும் ட்ரெயிலர் நல்ல பிள்ளை. சனமும் சைக்கிளும் நிறைந்த வீதியில் எங்கே வேகமாகப் போகிறது? நாற்பதைத் தாண்டவில்லை. இணுவில் கழிந்து வீதி கொஞ்சம் வெளித்தது. நல்ல நேரத்தை நினைத்துக் காலைக் கொஞ்சம் அழுத்தினேன்.

முதலில் ஸ்டீயரிங் இலேசாகிப்போனது மாதிரி ஒரு உணர்வு. பிறகு இடுப்பை யாரோ பின்னால் பிடித்து ஆட்டுகிற மாதிரி. இடது கண்ணாடியில் வள்ளம் தெரிந்தது. அதைப் பார்த்து முடிக்கவில்லை, வலது கண்ணாடியில் வள்ளம் தெரிந்தது. திரும்ப இடது. ட்ரெயிலர் வாலை ஆட்ட, அந்த வால் வெள்ளையனை ஆட்டியது. எதிரே மினிபஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிறது.

என் கால் பிரேக்குக்குப் போனது. எத்தனை பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்தேன்! ஆனைக்கும் அடி சறுக்கும். பிரேக்கை மிதித்ததும் பின்னால் இருந்த பாரம் முழுக்க முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஆட்டம் இரண்டு மடங்காகியது.

“ஐயோ முருகா!” இது ரஞ்சினி. தட்டிலிருந்த தேங்காய் உருண்டு என் இருக்கைக்குக் கீழே வந்து இடித்தது.

“இழு! மூக்கணாங்கயிறை இழு!” இது இவர்.

பதறாத காரியம் சிதறாது என்று வகுப்பில் நானே சொல்வேன். அந்தச் சொல் அப்போதாவது வந்து காப்பாற்றியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். எக்ஸிலேற்றரையும் தொடவில்லை. ஸ்டீயரிங்கை அங்கும் இங்கும் வெட்டாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகச் சாகட்டும் என்று விட்டேன். மினிபஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஆட்டம் குறைந்து, குறைந்து, அடங்கியது. வாழைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால், வள்ளத்தின் பின்பக்கத்துக்கும் தோட்டத்து மதிலுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது.

தேவன் மோட்டார் சைக்கிளை விழுத்தாத குறையாக நிறுத்திவிட்டு ஓடிவந்தான். முகத்தில் இரத்தம் இல்லை.

“பின்னாலை பாத்துக்கொண்டு வந்த எனக்கு உயிர் போட்டுது அக்கா. வள்ளம் பாம்பு மாதிரி எல்லே நெளியுது!”

பயம் தெரியாமலிருக்க நான் செய்கிற ஒரே வேலை ஏசுவதுதான். ஏசுவதற்கு ஆள் தேடினேன். ஆள் பக்கத்திலேயே நின்றார்.

பார வண்டில்காரன்ரை மகள்

“ரயரிலை காத்துக் காணாது” என்றார் இவர், நான் வாய் திறக்க முந்தி.

“காத்துப் பாத்தது நான்.”

“அப்ப றோட்டுப் பிழை.”

“றோட்டிலை போன மிச்ச வாகனம் எல்லாம் உப்பிடியே ஆடிச்சுது? உங்களுக்கென்ன விசரே?”

பேச்சு வளர்ந்துகொண்டிருக்கும்போதுதான் வெள்ளையனின் பின்பக்கம் என் கண்ணில் பட்டது. பின்சில்லுக்கும் அதற்கு மேலே உள்ள தகட்டுக்கும் நடுவில் வழக்கத்தைவிட இடைவெளி. பிக்கப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூட்டைகள் வழியில் இன்னும் பின்னுக்குச் சரிந்ததில், கொளுக்கி மாட்டிய இடத்தில் ட்ரெயிலரின் தண்டு அதைக் கீழே அமத்தவில்லை, மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பின்சில்லு நிலத்தில் ஒழுங்காகப் பதியாத வாகனத்தை நான் ஐம்பதுக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்!

அந்தக் காட்சியை நான் முன்னரும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

என் அப்பா வண்டில்காரர்தான். ஆனால் சவாரிக்காரர் இல்லை, பார வண்டில்காரர். தேங்காய் ஏற்றிச் சாவகச்சேரிச் சந்தைக்குக் கொண்டுபோவார். எனக்கு ஆறோ ஏழோ வயதிருக்கும், அப்பாவோடு வண்டிலில் இருக்கிறேன். அன்றைக்கு ஏற்றியவர் அரைத் தூக்கத்தில் தேங்காய் முழுவதையும் பின்னுக்குக் கொட்டிவிட்டார். மதகு ஏறும்போது பாரம் இன்னும் பின்னுக்குச் சரிந்தது. வண்டில் குதிக்காலில் குந்தியது. நுகம் ஆகாயத்தில், கழுத்துக் கயிற்றில் மாடு இரண்டும் முன்னங்கால் நிலத்தில் படாமல் தொங்குகின்றன. அப்பா பாய்ந்து துலாவை, அதுதான் வண்டிலின் முன்தண்டை, பிடித்துத் தொங்கினார். நான் பின்னால் தேங்காயோடு தேங்காயாக உருண்டு மதகுக்குக் கீழே கிடந்தேன். அழவில்லை, சிரித்தேனாம். அப்பா என்னைத் தூக்கவில்லை. முதலில் மாட்டைத்தான் பார்த்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அன்றையிலிருந்து, ஏற்றியவர் யாரானாலும் அப்பா தானே ஒருதரம் பார்ப்பார். “முன்பாரம் எண்டால் மாடு நடக்கும், பின்பாரம் எண்டால் மாடு தொங்கும்” என்பார்.

வாழைத் தோட்டத்து ஓரத்தில் நின்று நான் சிரிக்கத் தொடங்கினேன். கோபம் எல்லாம் சிரிப்பாக வந்தது. இவர் பயந்துபோனார்.

“என்னப்பா, என்ன செய்யுது?”

“பின்பாரம் ஏத்தி வைச்சிருக்கிறியள். உங்கடை வெள்ளையன் தொங்கிக்கொண்டெல்லே வந்தது!”

அவர் குனிந்து பின்சில்லைப் பார்த்தார். கொளுக்கியைப் பார்த்தார். மனுசனுக்கு வண்டில் அறிவு இல்லாமலில்லை. பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு, “சவாரி வண்டிலுக்கு ஆள் மட்டும்தானே பாரம். உதிலை ஒரு வள்ளம் எல்லே கிடக்குது” என்றார். பிறகு வெள்ளையனின் பக்கத்தில் போய் அதைத் தட்டிக் கொடுத்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதனிடம்தான் கேட்டார்.

மொட்டை வள்ளம்

செய்ய வேண்டியது எனக்கு வெளிச்சமாகிவிட்டது. வள்ளத்தை அப்படியே ட்ரெயிலரில் முன்னுக்கு இழுப்பதுதான் நல்ல வழி. ஆனால் அதற்குப் பத்துப் பேர் வேண்டும். மற்ற வழி, இஞ்சினையும் வலையையும் இறக்கி வெள்ளையனின் பெட்டியில் போடுவது. பின்சில்லுக்கும் பாரம் கிடைக்கும், ட்ரெயிலரும் அடங்கும்.

“இஞ்சினைக் கழட்டுவம்” என்றேன்.

ரஞ்சினி இஞ்சினுக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

“ஏலாதக்கா. நான் முதலே சொன்னனான். மொட்டை வள்ளத்தை நான் ஊருக்குள்ளை கொண்டுபோகமாட்டன்.”

“ரஞ்சினி, இப்ப நடந்ததைப் பாத்தனீ எல்லே?”

“பாத்தனான். ஆறுதலா ஓடுங்கோ. நல்ல நேரம் போனாலும் போகட்டும். இஞ்சின் வேறை, வள்ளம் வேறையா நான் போகமாட்டன். ஐயா அப்பிடித்தான் வந்தவர். நானும் அப்பிடியே போறதோ?”

தேவன் நிலத்தைப் பார்த்தான். பிடிவாதத்தோடு என்றால் சண்டை பிடிப்பேன். இதோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

“இஞ்சை பார்” என்றேன். “ஊர் எல்லை வரைக்கும் இஞ்சின் என்ரை பெட்டிக்குள்ளை வரட்டும். எல்லையிலை நிப்பாட்டித் திரும்பவும் மாட்டுவம். அங்கையிருந்து கரைக்குக் கொஞ்சத் தூரம். நடக்கிற வேகத்திலை ஓடுவன். ஊருக்குள்ளை போகேக்கை முழு வள்ளமாத்தான் போகும்.”

“சத்தியமா?”

“லேணர்ஸ் மதில் சத்தியமா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை எடுத்தாள்.

சில்லுகளுக்குக் கல் வைத்து, இஞ்சினை இறக்கினோம், வலையை மாற்றினோம். வாழைத் தோட்டத்துக்காரர் தானும் ஒரு கை கொடுத்து, இரண்டு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். கொளுக்கியைக் கழற்றிவிட்டு, “இப்ப தூக்குங்கோ பாப்பம், உங்கடை விரலாலை” என்றேன். இவர் விரலை வைத்தார், பிறகு ஒரு கை, பிறகு இரண்டு கை. தேவனும் சேர்ந்து மூச்சுப்பிடித்துத்தான் தண்டு கிளம்பியது. அதுதான் கணக்கு.

ட்ரெயிலர் இழுக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு இதிலேயே சொல்லிவிடுகிறேன். பாரமான சாமான் சில்லுக்கு நேரேயும் அதற்குக் கொஞ்சம் முன்னாலும் இருக்க வேண்டும், கொளுக்கியைக் கொஞ்சம் அமத்த வேண்டும். அதற்காக வாகனத்தின் பின்பக்கம் நிலத்தில் உட்காருகிற அளவுக்கும் அமத்தக்கூடாது. ட்ரெயிலர் மூக்கைத் தூக்காமல் மட்டமாக நிற்க வேண்டும். இறுக்கிக் கட்டுங்கள், காற்றைப் பாருங்கள், கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு இறங்கி இன்னொருதரம் பாருங்கள். ஆடினால் பிரேக்கில் ஏறி நிற்காதீர்கள், காலை எடுங்கள். வீட்டுக்காரர் ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினால் மட்டும் மெச்சாதீர்கள்.

சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை. ட்ரெயிலர் பின்னால் இருக்கிறதா என்று பார்க்க நான் கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு அடக்கம். இவர் வாழைப்பழம் உரித்து எனக்கு ஊட்டிவிட்டார். பின் இருக்கையில் ரஞ்சினி இருக்கிற நினைப்பே அவருக்கு இல்லை.

சம்மாட்டியாரின் விரல்

மயிலிட்டி எல்லையில் பத்துப் பன்னிரண்டு பேர் மாலையோடு காத்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் சம்மாட்டியார். கரையின் மூத்த வள்ளக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலை, கடலைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இஞ்சினைத் திரும்ப மாட்டினோம். ரஞ்சினி முந்தானையால் அதைத் துடைத்தாள். கொளுக்கியைக் கழற்றித் தண்டைப் பார்த்தால், திரும்பவும் பழைய கதை. என் இரண்டு விரலுக்கே கிளம்புகிறது.

“நடை வேகம் எண்டாலும் எனக்கு முன்பாரம் வேணும்” என்றேன். “ஆராவது ஒராள் வள்ளத்தின்ரை அணியத்திலை இருக்கவேணும்.” அணியம் என்றால் வள்ளத்தின் முன்தலை.

தேவன் ஏறி உட்கார்ந்தான். அவனும் என் வீட்டுக்காரர் மாதிரித்தான், கடற்காற்று அடித்தால் சேர்ந்து போகிற உடம்பு. சம்மாட்டியார் தானே குனிந்து தண்டில் விரலை வைத்துப் பார்த்தார். கொஞ்சம் திணறிக் கிளம்பியது. “காணாது” என்றார். தேவனை இறக்கி என் வீட்டுக்காரரை ஏற்றினோம். “உதுவும் காணாது” என்றார் சம்மாட்டியார். அவருக்கு அந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது.

“ரஞ்சினி, நீ ஏறு” என்றேன்.

அந்தக் கரையில் பழைய ஆட்களுக்கு ஒரு கொள்கை உண்டு. அணியம் சாமி இருக்கிற இடம், பெண் ஏறக்கூடாது. ரஞ்சினிக்கும் அது தெரியும். முகம் சிவந்துபோனது.

“ஐயோ, நானோ? வேண்டாமக்கா.”

“அணியத்திலை பொம்பிளை ஏறுறதோ?” என்றார் சம்மாட்டியார். கோபமாகக் கேட்கவில்லை. வழி தெரியாமல் கேட்டார்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தேவனையும் இவரையும் ஒன்றாக ஏற்றியிருந்தால் போதும். வலை மூட்டை இரண்டை அணியத்தில் போட்டிருந்தாலும் போதும். அங்கே நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் பிடித்து வள்ளத்தை ஒரு அடி முன்னுக்கு இழுத்திருந்தால் யாருமே ஏறத் தேவையில்லை. மூன்றும் எனக்குத் தெரியும். மூன்றையும் நான் வாயில் போட்டுப் பூட்டிவிட்டேன். இவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தார், தன் வாயையும் பூட்டிவிட்டார். அதற்காகக் காலையில் செய்த பிழை முழுவதையும் அந்த இடத்திலேயே மன்னித்தேன்.

“ஏறு ரஞ்சினி” என்றான் தேவன். “உன்ரை வள்ளம்தானே.”

அவள் ட்ரெயிலர்ச் சில்லில் கால் வைத்து ஏறினாள். அணியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, இருக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி எல்லாரையும் ஒருதரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

சம்மாட்டியார் தண்டில் விரலை வைத்தார். அசையவில்லை. கையை வைத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் ஒருதரம் முக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“கடலுக்கை எண்டால் நான் விடமாட்டன்” என்றார், எல்லாருக்கும் கேட்க. “றோட்டிலை நிக்குமட்டும் உது வள்ளமில்லை, சாமான். சாமானுக்கு மேலை ஆரும் இருக்கலாம்.” சொல்லிவிட்டுக் கையிலிருந்த மாலையை அணியத்துக்குப் போட்டார். அது ரஞ்சினியின் மடியையும் சேர்த்து மூடியது.

கொளுக்கியை மாட்டினேன். வெள்ளையனை முதலாம் கியரில் போட்டு உருட்டினேன். ஒரு பக்கம் தேவன், மறுபக்கம் இவர், வள்ளத்தைத் தொட்டுக்கொண்டு நடந்து வந்தார்கள். கண்ணாடியில் ட்ரெயிலர் ஆடவில்லை, அசையவில்லை. வீடுகளின் படலைகள் திறந்தன. பெண்கள் ஈரக் கையோடு ஓடிவந்து வீதியோரத்தில் நின்றார்கள். “உது ஆரின்ரை வள்ளம்?” என்று ஒருத்தி கேட்டாள். “மேலை இருக்கிறாவின்ரை!” என்று இவர் கத்தினார், சவாரியில் வென்ற குரலில். சனம் சிரித்துக் கைதட்டியது. ரஞ்சினி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஒரு கையால் மாலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

திருப்பத்தில் கடல் தெரிந்தது. அவள் வள்ளத்தின் பக்கத்தில் தட்டினாள்.

“அக்கா! மெல்லமா!”

பதறிப்போய் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினேன். “என்ன, ஆடுதோ?”

“இல்லையக்கா. ஒண்டும் ஆடேல்லை.”

“பயமா இருக்கோ?”

“பயமுமில்லை.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கடல் கிட்ட வந்திட்டுது. இறங்கவேணும் எல்லே. இன்னும் கொஞ்சம் மெல்லமா ஓடுங்கோக்கா.”

பன்னிரண்டுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. கிளச்சை அரைவாசி அமத்திக்கொண்டு ஓட்டாதே, தகடு தேயும் என்று எத்தனை பிள்ளைகளை ஏசியிருப்பேன். அன்றைக்கு மயிலிட்டிக் கரை வரைக்கும் அரைக் கிளச்சில்தான் போனேன்.